சிறுநீரக வருத்தக்காரர் பால் குடிக்கலாமா? எங்கள் ஊரில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

அப்பாவுக்குக் கிட்னி வருத்தம் இருப்பது 2018 இல் தெரியவந்தது. அன்றிலிருந்து கிளினிக் கொப்பியும் மருந்துப் பையுமாக அவரோடு அலைபவள் நான். டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் மூன்று வீடுகளில் இதே வருத்தம். கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருப்பவர்கள், கல்யாண வீட்டில் காணும் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் கேட்பதில் பாதிக் கேள்வி பாலைப் பற்றித்தான். சொல்லிச் சொல்லி வாய் அலுத்ததால் எழுதிவைக்கிறேன். கீழே வரும் எண்கள் பொதுவான உணவு அட்டவணைகளில் உள்ளவை. மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி கொஞ்சம் கூடிக் குறையும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கோ: குடிக்கலாமா, கூடாதா?

பெரும்பாலானவர்கள் கொஞ்சம் குடிக்கலாம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பது உங்கள் கடைசி இரத்த ரிப்போட்டில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போட்டில் இல்லை.

ரிப்போட்டில் பார்க்கவேண்டியது மூன்று. முதலாவது ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு. 60 க்கு மேலே இருந்து மற்றவையும் சரியாக இருந்தால், பாலை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லமாட்டார்கள். 30 க்குக் கீழே போனால்தான் கட்டுப்பாடு இறுகும். இரண்டாவது பொட்டாசியம், 3.5 முதல் 5 வரை சாதாரண அளவு. மூன்றாவது பொஸ்பரஸ், சில ரிப்போட்டில் பொஸ்பேட் என்று இருக்கும், 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை சாதாரணம். வேறு அலகில் தந்திருந்தால் 0.8 முதல் 1.5 வரை என்று வரும். 1.4 என்று கண்டு "ஆகக் குறைவு" என்று சந்தோசப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், 4.2 என்று கண்டு பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அலகைப் பாருங்கள்.

பொட்டாசியமோ பொஸ்பரஸோ ஏறத் தொடங்கியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை கப், அதாவது 120 மில்லிலீற்றர் என்ற கணக்கைத்தான் வழமையாகச் சொல்வார்கள். பால், தயிர், யோகட் எல்லாம் அந்த அரைக் கப்புக்குள் அடங்கவேண்டும். தேத்தண்ணிக்கு வேறு கணக்கு, சோற்றுத் தயிருக்கு வேறு கணக்கு என்று கிடையாது.

பாலில் அப்படி என்ன கெடுதல் இருக்கிறது? பிள்ளைகளுக்கே கொடுக்கிற சாமான்தானே?

கெடுதல் என்று ஒன்றும் இல்லை. பிள்ளை வளர என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் அதில் நிறைய இருக்கிறது. வேலை குறைந்த சிறுநீரகத்துக்கு அந்த நிறைவுதான் சுமை.

ஒரு கப் பசுப்பாலில், 240 மில்லிலீற்றரில், ஏறக்குறைய 8 கிராம் புரதம், 350 மில்லிகிராம் பொட்டாசியம், 220 மில்லிகிராம் பொஸ்பரஸ், 290 மில்லிகிராம் கல்சியம், 100 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நல்ல சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். தள்ள முடியாதபோது பொட்டாசியம் இரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பைக் குழப்பும். பொஸ்பரஸ் மெதுவாக வேலை காட்டும்: எலும்பிலிருந்து கல்சியத்தை வெளியே இழுக்கும், அந்தக் கல்சியம் இரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியும், தோல் அரிக்கும். அப்பா இராத்திரியில் சீப்பை எடுத்து முதுகைச் சொறிவார். உப்புக்காற்றுக்குத் தோல் வறண்டுவிட்டது என்று நாங்கள் மாதக்கணக்காகத் தேங்காயெண்ணெய் பூசினோம். அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த முறை பொஸ்பரஸ் 6 க்கு மேலே நின்றது.

ஒன்றைக் கவனியுங்கள். பருப்பு, கடலையில் உள்ள பொஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பு உறிஞ்சும். பாலிலும் இறைச்சியிலும் உள்ளதில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. பக்கற் உணவில் பதப்படுத்தச் சேர்க்கும் பொஸ்பேட் உப்போ அநேகமாக முழுவதும் உள்ளே போய்விடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து, பருப்பும் பாலும் ஒன்று என்று நினைக்கக்கூடாது.

எங்கட அப்பா பால் குடிக்கிறதே இல்லை, தேத்தண்ணி மட்டும்தான். பிறகு எப்படிப் பொட்டாசியம் கூடினது?

இதே வார்த்தையை நானும் ஒருநாள் டொக்டருக்கு முன்னால் இருந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி பால்மா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா போடுகிறபடியே, மேசைக்கரண்டியால் குவித்து இரண்டு கரண்டி பால்மாவை ஒரு சின்ன உறையில் போட்டு, சந்திக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். இருபது கிராம் காட்டியது. ஒரு நாளைக்கு மூன்று தேத்தண்ணி, ஆக அறுபது கிராம். முழுக் கொழுப்புப் பால்மா நூறு கிராமில் பொட்டாசியம் 1,330 மில்லிகிராம் வரை இருக்கும், பொஸ்பரஸ் 775 வரை, புரதம் 26 கிராம். கணக்குப் போட்டால் "பாலே குடிக்காத" எங்கள் அப்பா தினமும் 800 மில்லிகிராம் பொட்டாசியத்தையும் 460 மில்லிகிராம் பொஸ்பரஸையும் தேத்தண்ணியிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். பாலாகப் பார்த்தால் கிட்டத்தட்ட அரை லீற்றர். அட்டவணைகளில் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் பொஸ்பரஸ் அளவே 800 முதல் 1,000 மில்லிகிராம்தான். பாதி தேத்தண்ணியிலேயே முடிந்துவிட்டது.

2022 இல் பால்மா தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். வரிசையில் நின்றும் கிடைக்காத மாதங்கள். வேறு வழியில்லாமல் அப்பா பிளேன்டீக்கு மாறினார், அம்மாவைத் திட்டித் திட்டித்தான். அடுத்த ரிப்போட்டில் பொட்டாசியம் 5.7 இலிருந்து 5.0 க்கு இறங்கியிருந்தது. அந்தக் காலத்தில் இறைச்சியும் குறைந்திருந்தது, மருந்தும் மாறியிருந்தது. எல்லாவற்றையும் பால்மாவின் தலையில் கட்டமுடியாது. ஆனாலும் அம்மா அதற்குப் பிறகு குவித்துப் போடுவதில்லை.

விட முடியாதவர்கள் காலமையில் ஒரு பால் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, மற்ற நேரத்துக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ குடிக்கலாம். பிளேன்டீயிலும் ஒரு கப்புக்கு 90 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் இருக்கிறது. சாயம் கூடக் கூட அதுவும் கூடும்.

தயிர்? மட்டக்களப்பில் இருந்துகொண்டு தயிர் சாப்பிடாமல் எப்படி?

நியாயமான கேள்வி. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர் இங்கே விருந்தாளிக்கு வைக்கிற சாமான். கொழும்புக்குப் போகிறவர் கையில் சட்டியும் போகும்.

எருமைப்பால் பசுப்பாலைவிடக் கெட்டி. கொழுப்பு மட்டுமில்லை, புரதமும் கல்சியமும் பொஸ்பரஸும் அதில் கூட. மண்சட்டி அதற்கு மேல் ஒரு வேலை செய்கிறது: தயிரில் உள்ள தண்ணீரைச் சுவர் வழியே உறிஞ்சி வெளியே விடுகிறது. புதுச் சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் கையில் ஒட்டும். தண்ணீர் போகப் போகத் தயிர் இறுகும். வெட்டினால் துண்டாக எழும்பும் அந்தத் தயிரில் ஒரு கரண்டிக்குள் இருப்பது கூட.

தயிரைத் தனியே யார் சாப்பிடுகிறார்கள்? பாணியும் வாழைப்பழமும் வேண்டும். நூறு கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் 350 மில்லிகிராம். பாணி சலரோகக்காரருக்கு வேறு வினை. சிறுநீரக வருத்தக்காரரில் பலருக்குச் சலரோகமும் கூடவே இருக்கும்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது: கிழமையில் இரண்டு நாள், நான்கு மேசைக்கரண்டி தயிர், மத்தியானச் சோற்றோடு. அன்றைக்குப் பால் தேத்தண்ணி இல்லை. வாழைப்பழம் இல்லை. எல்லோருக்கும் நடுவில் சட்டியை வைக்காமல், அப்பாவுக்கு மட்டும் சின்னக் கிண்ணத்தில் போட்டு மேசையில் வைத்துவிடுவேன். சட்டி முன்னால் இருந்தால் நான்கு கரண்டி எட்டாகிவிடும். அவருடைய ரிப்போட்டுக்குச் சரிவந்த அளவு அது. உங்களுக்கு உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

தயிருக்கு மேலே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டால் எல்லாம் போய்விடுமா என்று ஒரு மாமி கேட்டார். பொட்டாசியம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். பொஸ்பரஸில் பெரும்பங்கு கட்டியிலேயே தங்கிவிடும்.

மோர்?

ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்த மோர், கிளாஸுக்கு கிளாஸ் பார்த்தால் பாலைவிட நன்று. உப்புத்தான் பிரச்சினை, கறிவேப்பிலை, இஞ்சி, வெங்காயம் போட்டு உப்பில்லாமல் குடித்துப் பழகலாம். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் கிடைப்பதைப் போட்டுவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மோரையும் தண்ணீராகவே எண்ணவேண்டும்.

மாட்டுப்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலுக்கு மாறலாமா?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. தேங்காய்ப்பூவை முதலில் பிழிந்தெடுக்கும் தலைப்பால் நூறு மில்லிலீற்றரில் பொட்டாசியம் 260 மில்லிகிராம் அளவில் இருக்கும். மாட்டுப்பாலில் 150 தான். பொட்டாசியம் ஏறியவர் தேங்காய்ப்பாலுக்கு மாறுவது அடுப்பிலிருந்து நெருப்புக்குள் விழுகிற கதை. அதன் பொஸ்பரஸ் தாவர வகை என்பதால் உடம்பு உறிஞ்சுவது குறைவு. கல்சியம் பெயருக்குத்தான் இருக்கும்.

சொதியை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இடியப்பத்துக்குச் சொதி இல்லாமல் முடியாது. பிறகு தண்ணீர் விட்டுப் பிழியும் கப்பிப்பாலில் வைத்து, கடைசியில் தலைப்பால் விடாமல் இறக்கினால் நிறம் கொஞ்சம் குறையும், ருசி அவ்வளவு குறையாது. இரண்டு அகப்பையோடு நிறுத்துங்கள். காலமை சொதி, மத்தியானம் பால்க்கறி, இரவு பாலப்பம் என்று மூன்று நேரமும் தேங்காய்ப்பாலில் ஓடுவதுதான் எங்கள் பக்கத்துச் சிக்கல். இளநீர் இதைவிட மோசம்: ஒரு கிளாஸில் 600 மில்லிகிராம் பொட்டாசியம். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று செவ்விளநீர் வெட்டிக் கொடுக்கும் அன்பான மருமகன்மாருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

டின்பால், யோகட், சீஸ், ஐஸ்கிறீம்?

டின்பால் சுண்டவைத்த பால். இரண்டு மேசைக்கரண்டியில் பொட்டாசியம் 140, பொஸ்பரஸ் 95 மில்லிகிராம், அதோடு நாலு தேக்கரண்டிக்கு மேல் சீனி. யோகட் ஒரு சின்னக் கப், 80 கிராம், அதே அளவு பாலுக்குச் சமம். அளவு கட்டுப்பட்டிருப்பதால் தயிரைவிடச் சமாளிக்க இலகு என்பது என் அபிப்பிராயம். முக்கோணத் துண்டாக வரும் பதப்படுத்திய சீஸில் பொஸ்பேட் உப்பும் சோடியமும் சேர்ந்தே வரும், அதை விட்டுவிடுங்கள். பட்டரிலும் நெய்யிலும் பொட்டாசியமும் பொஸ்பரஸும் மிகக் குறைவு. கொழுப்புக் கணக்கை மட்டும் பாருங்கள்.

பெட்டிப்பால், டின், சோயாப்பால், கிறீம் எதை எடுத்தாலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசியுங்கள். "பொஸ்பேட்" என்று முடியும் சொல்லோ, ஈ என்ற ஆங்கில எழுத்தோடு 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரையான எண்களோ இருந்தால் பொஸ்பேட் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கொழுப்பு நீக்கிய பால் நல்லதா? தண்ணீர் கலந்து காய்ச்சினால் குறையுமா?

கொழுப்பு நீக்கினால் கொழுப்பு மட்டும்தான் போகும். பொட்டாசியமும் பொஸ்பரஸும் அப்படியே நிற்கும், மாவில் பார்த்தால் கூடவும் செய்யும்.

காய்ச்சுவதால் ஒன்றும் குறையாது. சுண்டக் காய்ச்சினால் செறிவு கூடும். மரக்கறியை வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் பொட்டாசியம் குறையும், ஏனென்றால் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். பாலில் எதை ஊற்றுவது? அரைக் கப் பாலில் அரைக் கப் தண்ணீர் கலந்தால் அது அரைக் கப் பால்தான், கிளாஸ் நிறைந்த திருப்தி மட்டும் மிச்சம். அந்தத் திருப்தி சிலருக்குப் போதும், அதையும் குறைசொல்லமாட்டேன்.

மெலிந்துபோனார் என்று மோல்ட் மா, சத்துமா வாங்கிக் கொடுக்கலாமா?

கேட்காமல் வேண்டாம். மோல்ட் மாவில் பால்மாவோடு மேலதிகத் தாது உப்புகளும் சேர்த்திருப்பார்கள். டின்னைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் இரட்டிப்பு. சிறுநீரக நோயாளருக்கென்றே செய்த, பொட்டாசியமும் பொஸ்பரஸும் குறைந்த ஊட்டமா வேறு இருக்கிறது; விலை கூடியது, டொக்டர் சொன்னால் மட்டும் வாங்கவேண்டியது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் டின்களை நாங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம்.

பாலைக் குறைத்தால் எலும்பு தேய்ந்துவிடாதா?

இந்த வருத்தத்தில் எலும்பு பலவீனப்படுவது பெரும்பாலும் பால் குறைவதால் இல்லை. வைட்டமின் டீயை உடம்பு பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம். அந்த வேலை குறையும்போது கல்சியம் உறிஞ்சுவதும் குறைகிறது. இன்னொரு பக்கம் பொஸ்பரஸ் ஏறி எலும்பை அரிக்கிறது. எலும்புக்கென்று இரண்டு கிளாஸ் பால் குடித்தால் அந்தப் பொஸ்பரஸையும் சேர்த்தே குடிக்கிறீர்கள். குறையை எப்படி நிரப்புவது, வைட்டமின் டீ குளிசை தேவையா என்பதை டொக்டர் இரத்தம் பார்த்துச் சொல்வார். கல்சியக் குளிசையைப் பார்மசியில் சொந்தமாக வாங்கி விழுங்கவேண்டாம்.

குளிசையைப் பாலோடு விழுங்கலாமா?

தண்ணீரோடு விழுங்குங்கள். இரும்புக் குளிசையைப் பாலோடு எடுத்தால் கல்சியம் அதை உறிஞ்சவிடாது. இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடவேண்டும். சிப்ரோஃபுளொக்சசின், டொக்சிசைக்கிளின் போன்ற சில அன்டிபயோட்டிக்குக்கும் பால் ஆகாது. தைரொயிட் குளிசைக்கு இடைவெளி இன்னும் கூட வேண்டும், நான்கு மணித்தியாலம் வரை.

பொஸ்பரஸைக் கட்டிப்பிடிக்கும் குளிசை, அதாவது கல்சியம் காபனேற்று, செவலமர் போன்றவை, வேறு மாதிரி. அவை சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால், பிடிக்கவேண்டியது ஏற்கெனவே இரத்தத்துக்குள் போய்விட்டிருக்கும். அப்பா இதை ஒன்றரை வருடம் தவறாகவே எடுத்தார். கொப்பியில் "சாப்பாட்டுடன்" என்று எழுதியிருந்ததை நாங்கள் "சாப்பாட்டுக்குப் பின்" என்று வாசித்துவிட்டோம்.

இன்னொன்று: லோசார்ட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. பிரஷருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதற்கும் கொடுப்பவை, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அவற்றை எடுப்பவர்களுக்குப் பால் விஷயத்தில் கை இன்னும் இறுக்கமாக இருக்கவேண்டும்.

விரத நாளில் பாலும் பழமும் மட்டும்தான் எடுப்பேன். அது இலேசான சாப்பாடுதானே?

வயிற்றுக்கு இலேசு. ஒரு கப் பாலும் இரண்டு வாழைப்பழமும் 1,000 மில்லிகிராம் பொட்டாசியத்தைத் தாண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் இப்படியே இருந்துவிட்டு ஏழாம் நாள் தலைசுற்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பால் பழம்தானே சாப்பிட்டேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவித்த அரிசிக் கஞ்சி, உப்பில்லாத இடியப்பம், ஒரு துண்டு அப்பிள் அல்லது அன்னாசி என்று விரதத்தை மாற்றிக்கொள்ளலாம். கோயிலில் பாலாபிஷேகத் தீர்த்தம் உள்ளங்கை அளவு வாங்கிக் குடிப்பதற்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள் நோன்பு திறப்பதைப் பற்றிக் கேட்பார்கள். பேரீச்சம்பழம், ரோஸ் கலந்த பால், தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி மூன்றும் ஒரே மேசையில் வந்தால் நாளின் பொட்டாசியம் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் திறந்து, கஞ்சியைத் தேங்காய்ப்பால் இல்லாமல் வைக்கச் சொல்லலாம். நோன்பு பிடிக்கலாமா என்பதையே முதலில் டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். நாள் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருப்பது எல்லாச் சிறுநீரகமும் தாங்கும் விஷயம் இல்லை.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. இனி இயந்திரம்தானே சுத்திகரிக்கும், பால் குடிக்கலாமா?

அப்பாவும் 2023 இல் தொடங்கியபோது இப்படித்தான் குதூகலப்பட்டார். இயந்திரம் கிழமையில் சில மணித்தியாலம் செய்கிற வேலை, நல்ல சிறுநீரகம் இராப்பகலாகச் செய்தது. பொஸ்பரஸை இயந்திரம் எடுப்பது நாம் சாப்பிடுகிற வேகத்துக்குக் காணாது.

புரதக் கணக்கு மட்டும் தலைகீழாகும். டயாலிசிஸுக்கு முன் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு 1 முதல் 1.2 கிராம் வரை சாப்பிடச் சொல்வார்கள், ஏனென்றால் சுத்திகரிப்பில் புரதமும் கொஞ்சம் போகும். அந்தப் புரதத்தைப் பாலில் தேடவேண்டாம். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவில் 7 கிராம் புரதமும் 10 மில்லிகிராம் பொஸ்பரஸும் இருக்கிறது. அதே புரதத்தைப் பாலில் எடுத்தால் பொஸ்பரஸ் 200 ஐத் தொடும். புதுமீன் ஒரு துண்டும் நல்லது. கருவாடு உப்பு.

தண்ணீர்க் கணக்கிலும் பால் சேரும். சிறுநீர் குறைந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று எழுதிக் கொடுப்பார்கள். பால், தேத்தண்ணி, கஞ்சி, சொதி, ஐஸ்கட்டி எல்லாம் அதற்குள்தான்.

எனக்குக் கிட்னியில் கல். பாலை நிறுத்தச் சொல்கிறார்கள், சரியா?

இது வேறு வருத்தம், இரண்டையும் குழப்பவேண்டாம். கூடுதலாகக் காணப்படுவது கல்சியம் ஒக்சலேற்றுக் கல். அதற்குப் பாலை நிறுத்தினால் குடலில் ஒக்சலேற்றைப் பிடித்துவைக்கக் கல்சியம் இல்லாமல் போய், இன்னும் கூட உறிஞ்சப்படும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற கல்லுக்காரர் அளவாகப் பால் குடிக்கலாம், தண்ணீரும் நிறையக் குடிக்கவேண்டும்.

பால் குடித்துத்தான் இந்த வருத்தம் வந்ததா?

இல்லை. உலகமெங்கும் முதல் காரணங்கள் சலரோகமும் பிரஷரும்தான். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டி, மஹாஓயாப் பக்கத்தில் இவை இரண்டும் இல்லாத விவசாயிகளுக்கும் வருவது வேறு வகை. 1990 களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. கடினநீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் நீர் வற்றுதல் என்று பல சந்தேகங்கள் உண்டு, ஒன்றும் தனிக் காரணமாக நிறுவப்படவில்லை. பால் அந்தப் பட்டியலில் இல்லை.

சிறுநீரகம் மாற்றிவைத்தவர்களும் சின்னப் பிள்ளைகளும்?

மாற்றிவைத்த புதிதில் பொஸ்பரஸ் குறைந்துவிடுவதும் உண்டு. அப்போது பால் குடிக்கச் சொல்லியே எழுதுவார்கள். ஆனால் பட்டியிலிருந்து வரும் பச்சைப்பாலையும் அதில் உறைய வைத்ததையும் தொடக்கூடாது, நன்றாகப் பொங்கக் காய்ச்சவேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குச் சாதாரணக் கிருமியும் ஆபத்து. பிள்ளைகளுக்கு வளர்ச்சி முக்கியம், ஆகவே பெரியவர்களுக்கான இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. சிறுவர் சிறுநீரக டொக்டரைக் கேட்காமல் பாலைக் குறைக்காதீர்கள்.

அரைக் கப் என்பதை வீட்டில் எப்படி அளப்பது?

அப்பாவின் சில்வர் பேணியை நாங்கள் பல வருடமாக "ஒரு கிளாஸ்" என்று சொல்லிவந்தோம். தங்கச்சியின் மகனுடைய பால்போத்தலில் மில்லிலீற்றர் கோடு இருக்கும் அல்லவா, அதால் அளந்து ஊற்றிப் பார்த்தேன். பேணி 360 பிடித்தது. ஒன்றரைக் கப். இப்போது பேணியின் உட்பக்கத்தில் 120 வருகிற இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கண் மங்கல், விரலால் தடவிப் பார்த்து ஊற்றுவார்.

கல்யாண வீட்டில் பாயாசம், தயிர், ஐஸ்கிறீம் எல்லாம் சாப்பிட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ஒன்றும் தோன்றவில்லை என்றால் அடுத்த இரண்டு நாளும் பாலையும் பழத்தையும் விட்டுவிட்டு, மருந்தைத் தவறாமல் எடுங்கள். டயாலிசிஸ் செய்பவர் அடுத்த முறையைத் தவறவிடாதீர்கள். கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். ரிப்போட் எப்படியும் சொல்லிவிடும். பொட்டாசியம் அதிகமாக ஏறியவருக்கும் சில வேளை ஒன்றும் தெரியாது, அதனால் கடைசி ரிப்போட்டே 5.5 க்கு மேலே இருந்தவர் அடுத்த தவணை வரை காத்திராமல் போய் இரத்தம் கொடுப்பது நல்லது.

கை கால் சோர்ந்து தூக்க முடியாமல் போவது, நெஞ்சு படபடப்பது, துடிப்பு விட்டுவிட்டு வருவது, மூச்சு முட்டுவது, மயக்கம் வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். மருந்துப் பையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் "கிட்னி வருத்தக்காரர், பொட்டாசியம் பார்க்கவேண்டும்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.